பதினேழாம் இலக்கப் பாரை

1. குசினி மேசை

விடிய ஆறு மணி இருக்கும். எஞ்சினுக்கு எண்ணெய் எடுக்கக் கொட்டிலுக்குப் போன என்னை ஜெமீல் காக்கா குசினி ஜன்னலால் கூப்பிட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம். அவர் எங்கள் விடுதியின் சமையல்காரர், ஏறாவூர் ஆள், நாற்பது வருடமாக மீன் அறுக்கிறவர். அன்றைக்குக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு நாலடி தள்ளி நின்றார்.

"மனே யோகன், இஞ்ச ஒருக்கா வா. இந்த மீனுக்கு நம்பர் போட்டுக் கிடக்கு."

மேசையில் மூன்றடிக்கு மேல் நீளமான பாரை மீன் ஒன்று. முதுகுச் செட்டைக்குக் கீழே மஞ்சள் பிளாஸ்டிக் நரம்பு ஒன்று விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பதினேழு.

ஆறரை மணித்தியாலத்துக்கு முன்னர் அந்த மீனை இந்த இரண்டு கைகளாலும் பிடித்து, மூச்சு வரவைத்து, முகத்துவாரத்தில் உயிரோடு விட்டவன் நான்.

"மாட்டுக்குக் காதில போடுறாப்போல போட்டிருக்கானுகள்" என்றார் காக்கா. "ஆர்ரயோ வளப்பு மீன் மனே. சொந்தக்காரன் இருக்கிற மீனை நான் அறுக்க மாட்டன். ஹராமாப் போகும்."

"சொந்தக்காரர் மேல்மாடியில நித்திர கொள்ளுறார் காக்கா" என்றேன்.

2. பிடிக்கிறதும் விடுகிறதும்

விடுதிகளில் படகு ஓட்டப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே கொஞ்சம் பின்னால் போய் ஒழுங்காகச் சொல்லவேண்டும்.

நான் முப்பது வருடம் வலை போட்டவன். முழங்கால் பழுதான பிறகு, கல்லடியில் வாவிக் கரையில் இருக்கும் எட்டு அறை விடுதியில் படகோட்டியாகச் சேர்ந்தேன். முதலாளி திலகா மெடம், சுவிஸில் இருந்து திரும்பி வந்தவர். ராத்திரியில் விருந்தாளிகளை முகத்துவாரத்துக்கு ஏற்றிப் போய், தடியும் ரீலும் வைத்துப் பெரிய மீன் பிடிக்க வைப்பது என் வேலை. பிடித்த மீனை அளந்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதுதான் சட்டம்.

முதல் நாள் இதைக் கேட்டபோது மெடத்துக்குச் சுகமில்லை என்றே நினைத்தேன். என் மச்சான் குணம் இன்றைக்கும் கேட்பான்: "விடுறதெண்டா மறுகா என்னத்துக்குப் பிடிக்கிறிங்க?"

இந்தக் குணம்தான் விடுதிக் குசினிக்கு மீன் கொடுக்கிறவன். அந்த ஒழுங்கைச் செய்து கொடுத்த கெட்டிக்காரனும் நானேதான்.

அந்தக் கிழமை மெடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணன், வெள்ளிக்கிழமை வாழைச்சேனையில இருந்து ஒராள் நம்மட போட்ட வாங்கப் பாக்க வாறார். விலை பேசியாச்சி. கொழும்பில இருந்து வாற டொக்டர் அவங்கட கிளப் ஆக்கள இஞ்ச அனுப்புறன் எண்டு சொன்னா போட் நிக்கும். இல்லாட்டி போட்டும் போகும், நீங்களும் வீட்ட போகலாம்." ஐம்பத்தெட்டு வயதில் முழங்காலும் இல்லாமல் படகும் இல்லாமல் நான் எங்கே போவது?

டொக்டர் சுரேந்திரன் வந்து இறங்கினார். ஓய்வு பெற்ற பல் டொக்டர். தூண்டில் கிளப் ஒன்றின் செயலாளர். பிடிக்கிற ஒவ்வொரு பெரிய மீனுக்கும் இலக்கம் போட்ட டேக் ஒன்றை முதுகில் குத்தி விடுவார். அந்த மீன் எங்கே போகிறது, எவ்வளவு வளர்கிறது என்று அறிவதற்காம்.

வியாழன் இரவு பத்தரை மணிக்குப் பாரை தூண்டிலில் பட்டது. முக்கால் மணித்தியாலம் இழுபறி. படகுக்குக் கிட்ட வந்ததும் டொக்டர் சிறிய டோர்ச்சை எடுத்து மீனின் வாய்க்குள் அடித்தார்.

"வாயை இன்னும் கொஞ்சம் திறங்கோ. ஆ... அப்படித்தான். கீழ்த் தாடையில இடப்பக்கம் ஒண்டு உடைஞ்சிருக்கு. மற்றதெல்லாம் நல்ல பல்லு."

அளந்தார். தொண்ணூற்றாறு சென்ரிமீற்றர். "ஒரு சின்ன ஊசிதான், நோகாது" என்று மீனிடம் சொல்லிவிட்டு டேக்கைக் குத்தினார்.

களைத்துப்போன மீனை அப்படியே விட்டால் செத்துவிடும். நான் ஆழமில்லாத இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வாலை ஒரு கையாலும் வயிற்றை மறு கையாலும் பிடித்து, முன்னும் பின்னுமாக இருபது நிமிடம் அசைத்தேன். முப்பது வருடம் மீனைக் கொன்ற கை இது. மீன் ஒன்றின் நெஞ்சு மெல்ல மெல்லத் துடிக்கத் தொடங்குவதை அந்தக் கை அறிந்தது அன்றைக்குத்தான். வாலை ஒரு உதறு உதறிவிட்டு அது போனபோது எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

அந்த அறிவுகெட்ட மீன் நேராகப் போய்க் குணத்தின் வலையில் விழுந்திருக்கிறது.

3. ஈரமான குஷன்

டொக்டர் இதைக் கண்டால் என்ன நினைப்பார்? முன்வாசலால் விட்டு, பின்வாசலால் பிடித்து, மத்தியானம் கறியாக்கி அவருக்கே பரிமாறுகிற கள்ளர் கூட்டம் என்றுதானே நினைப்பார். கிளப்பும் வராது, படகும் நிற்காது. வாழைச்சேனை ஆள் வருவதும் அன்றைக்குத்தான்.

"சுணங்காம எங்கயாவது கொண்டுபோ மனே" என்று காக்கா பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தந்தார். மீனைச் சுற்றிக் கட்டி, கல் ஒன்றும் வைத்து, வாவியில் ஆழமான இடமாகப் பார்த்துத் தாழ்ப்பது என்று முடிவெடுத்தேன். டேக்கை வெட்டி எறிந்துவிட்டு மீனை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம்தான். பயந்தவனுக்கு அந்த நேரம் மூளை ஓடாது.

பொதியைப் படகின் நடுப்பலகையில் வைத்து, எஞ்சின் கயிற்றில் கை வைத்தேன்.

"யோகராசா! எங்க வெளிக்கிட்டாச்சு?"

டொக்டர் சாரனும் சட்டையுமாக இறங்குதுறையில் நிற்கிறார்.

"எஞ்சின ஒருக்கா ஓட்டிப் பாக்கப் போறன் டொக்டர்."

"நல்லதாப் போச்சு. நானும் வாறன்."

வந்தார். ஏறினார். பொதியின் மேல் குந்தினார்.

"இந்தக் குஷன் நேற்று இல்லையே. மெடம் போட்டவவா?"

"ஓம் டொக்டர். புதுசு."

"நல்ல சொகுசா இருக்கு. கொஞ்சம் ஈரம்."

"பனி டொக்டர்."

கல்லடிப் பாலத்துக்குக் கீழால் போனோம். டொக்டருக்கு நல்ல சந்தோசம்.

"இப்ப பதினேழு எவ்வளவு தூரம் போயிருக்கும் எண்டு நினைக்கிறீங்கள்?"

"கனதூரம் போயிராது டொக்டர்."

"அப்படிச் சொல்லாதேங்கோ. ஒரு ராவில அவர் எவ்வளவு தூரம் ஓடுவார் தெரியுமோ?"

முதலில் ஒரு காகம் வந்தது. பிறகு ஐந்து. பிறகு ஒரு பருந்து எங்கள் தலைக்கு மேலே வட்டமடிக்கத் தொடங்கியது. "இஞ்சத்தைப் பறவைகளுக்கு மனுசரில பயமே இல்லை" என்று டொக்டர் வியந்துபோய் போனில் படம் எடுத்தார். நான் துடுப்பால் காகத்தை விரட்டினேன். "ஏன் விரட்டுறீங்கள், பாவம்" என்றார். அந்தப் பாவம் வந்து அவருடைய கால்களுக்கு நடுவில் இருந்து விரிப்பின் நுனியை இழுத்தது. வால் வெளியே வந்தது.

டொக்டர் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எஞ்சினை நிற்பாட்டினேன். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"டொக்டர், கோவிக்கப்படாது. நீங்க பதினேழுக்கு மேலதான் குந்தியிருக்கிறிங்க."

அவர் எழும்பிய வேகத்தில் படகு கவிழப் பார்த்தது. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மச்சானின் வலை, குசினி, காக்கா, படகு விலைபோகிறது, என் முழங்கால், எல்லாம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

டொக்டர் விரிப்பை அவிழ்த்தார். டோர்ச்சை எடுத்தார். வாயைத் திறந்தார்.

"கீழ்த் தாடை, இடப்பக்கம். ஓம், அவர்தான்." பிறகு பொலிஸ்காரர் மாதிரி என்னைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு வலையில எடுத்தது? எந்த இடம்?"

"விடிய நாலரையாம், மச்சான் காக்காட்டச் சொல்லிட்டுப் போயிருக்கான். விட்ட இடத்துக்கு வடக்கால, அரைக் கட்டை, அரை மைல் தூரம்."

அவர் சட்டைப் பைக்குள் இருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்தார்.

"யோகராசா, எட்டு வருசம். பதினாறு மீன். ஒரு டேக் திரும்பி வரேல்லை. கிளப்பில என்னைப் பாத்து இவன் கடலுக்கு நம்பர் போடுறான் எண்டு சிரிக்கிறாங்கள். இவர்தான் முதல் ஆள். முதல் ஆள் ஐசே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரின் கையிலும் மீன் வழுவழுப்பு. "நீங்கள் இவரைத் தாழ்க்கவோ போனீங்கள்?"

4. படிவம்

படிவத்தில் 'சுதந்திரமாக இருந்த நாட்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நாட்களை வெட்டிவிட்டு ஐந்து மணித்தியாலம் என்று எழுதினார். நீளத்துக்கு மறுபடி அளந்தார். தொண்ணூற்றெட்டு.

"ரெண்டு சென்ரிமீற்றர் வளந்திருக்கிறாரே!"

"டொக்டர் மேல குந்தினதில நீண்டிருக்கும்."

"அதை எப்படி எழுதுறது?" என்று கனநேரம் யோசித்தார். கடைசியில் 'அளவில் சந்தேகம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

படகில் இருந்தே கிளப்புக்குப் போன் எடுத்தார். டேக் திரும்பி வருகிற இடம் இலங்கையிலேயே இது ஒன்றுதான், மீன் பருவத்துக்கு எல்லாரும் இங்கேதான் வரவேண்டும் என்று சத்தம் போட்டார். பத்து மணிக்கு மெடம் வாழைச்சேனைக்குப் போன் பண்ணி, படகு விற்பனைக்கு இல்லை என்று சொன்னார். பிறகு என்னிடம் வந்தார். "என்ன அண்ணன் செய்தயள்? மனுசன் தலைகீழா நிண்டு சந்தோசப்படுறார்."

"ஒண்டுமில்ல மெடம். அவர்ர மீனைத் திருப்பிக் குடுத்தன்."

சொந்தக்காரர் என்ற முறையில் டொக்டர் குசினிக்குப் போய் அனுமதி கொடுத்த பிறகுதான் காக்கா கத்தியை எடுத்தார். மத்தியானம் நாங்கள் எல்லாரும் பாரைக் கறி சாப்பிட்டோம். டொக்டர் பருப்பும் சோறும் சாப்பிட்டார். அறிமுகமானவரைச் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லையாம்.

ஆகவே தம்பிமாரே, வேலையில் ஒரு பிழை நடந்தால் அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். மறைக்க வெளிக்கிட்டால், மறைத்த பொருளின் மேலேயே ஆள் வந்து குந்துவார்.

5. பதினெட்டு

அடுத்த நாள் இரவும் போனோம். இன்னொரு பாரை பட்டது. டோர்ச், வாய், அளவு, ஊசி எல்லாம் முடிந்தன. நான் தண்ணீரில் இறங்கி வாலைப் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தேன். டொக்டர் மேலே இருந்து குனிந்து, யாரும் இல்லாத வாவியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்கட மச்சான் எந்தப் பக்கம் வலை போடுறவர்?"

"வடக்கால டொக்டர்."

அவர் வடக்குப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீரோட்டமும் அந்தப் பக்கம்தானே போகுது. வடக்கால முகத்தைத் திருப்பி விடுங்கோ" என்றார்.

நல்ல மனுசன். ஆனால் எட்டு வருடம் ஒரு மனுசனை என்ன பாடு படுத்தும் என்று அந்தக் குரலில் கேட்டது. நான் திருப்பினேன். துடிப்புக் கைக்குள் வந்ததும் விட்டேன்.

காலையில் குசினிக்குப் போனால் டொக்டர் மேசைக்கு முன்னால் கதிரை போட்டு, அளவு நாடாவும் படிவமுமாக இருக்கிறார். ஜெமீல் காக்கா என் காதுக்குள், "மனே, ஆள் அஞ்சு மணியில இருந்து இருக்கார்" என்றார். மேசை கழுவித் துடைத்து வெறுமையாகக் கிடந்தது.

"மச்சான் வரேல்லையோ?"

"அவன் ராத்திரி வலை போடல்லயாம் டொக்டர்."

வெறும் மேசையை ஒரு நிமிடம் பார்த்தார். நாடாவைச் சுருட்டினார். பல்லுக்கு ஊசி போட்ட ஆளைப்போல ஒரு பக்கத்தால் சிரித்தார்.

"அப்ப பதினெட்டர் தப்பிட்டார்" என்றார். காக்கா அவருக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார்.

மறைக்கக்கூடாது என்று மேலே நான்தான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும், நாங்கள் படகில் ஏறும் முன்னர் குணத்துக்குப் போன் எடுத்து, இன்றைக்கு வலை போடாதே என்று காலில் விழாத குறையாகக் கேட்டவன் நான் என்பதை டொக்டருக்கு இன்றுவரை சொல்லவில்லை. அந்த வாலை இருபது நிமிடம் பிடித்துப் பாருங்கள். நீங்களும் சொல்லமாட்டீர்கள்.