மார்கழியில் பிறந்தவளும் மே மாதச் சான்றிதழும்

குழந்தைகளை வானத்தில் பறக்க அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பறக்கவில்லை, பறக்கும் உத்தேசமும் இல்லை. நாற்காலி மேல் ஏறி ஒட்டடை அடிக்கவே எனக்குக் கால் நடுங்கும். எனவே இதை எழுதத் தகுதி உண்டா என்ற சந்தேகத்துடனேயே தொடங்குகிறேன்.

என் பேத்தி வைதேகியின் பெற்றோர் மஸ்கட்டில் இருக்கிறார்கள். அவள் இங்கே மலையாள நாட்டில், கரமனையில் என்னுடன் இருந்து படிக்கிறாள். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பவர்களை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து, தானும் குதிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். குதிக்கும் மையங்களில் பெரும்பாலும் பதினெட்டு வயது வேண்டும். சில இடங்களில் பெற்றோர் கையெழுத்துடன் பதினாறு. அவள் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் கழக்கூட்டத்துக்கு அப்பால் கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் பாராசெயிலிங் நடப்பது தெரிந்தது. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு நிற்பவரை ஜீப் கயிற்றால் இழுக்கும். அவர் நூற்றைம்பது அடி வரை மேலே போவார். குறைந்தபட்ச வயது பதினான்கு, எடை நாற்பது கிலோ.

பள்ளிச் சான்றிதழ்படி அவளுக்கு 2007 மே 2ஆம் தேதி பதினான்கு முடிந்தது. மே 12, சனிக்கிழமை புறப்பட்டோம்.

காலை 6.10க்கு செல்வராஜின் அம்பாசிடர். அவர் மார்த்தாண்டத்துக்காரர், இருபது வருடமாக இங்கே டாக்சி ஓட்டுகிறார். அரை நாளுக்கு 500 ரூபாய் பேச்சு. வீட்டிலிருந்து மைதானம் 26 கிலோமீட்டர். காலை ஏழுக்குள் கழக்கூட்டத்தைத் தாண்டிவிடுங்கள். பிறகு கம்பெனி பஸ்களுக்கு நடுவே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

"சாரே, பாப்பா மேல போவும்போ நீங்க கண்ணப் பொத்திக்கிடுவிய. நான் பாத்து ஒவ்வொண்ணா சொல்லித் தாறேன்," என்றார் செல்வராஜ்.

"தாத்தா இப்பவே பொத்திண்டாச்சு," என்றாள் வைதேகி. உண்மைதான். ஆனால் நான் மூடியிருந்தது வேறு காரணத்துக்காக.

மடியில் ஒரு ஃபைல் இருந்தது. சான்றிதழ் நகல், அவள் அப்பாவின் சம்மதக் கடிதம், டாக்டர் சீட்டு, எல்லாம் வரிசையாக. அந்த வரிசையில் ஒன்று பொய். வைதேகி பிறந்தது டிசம்பர் 27. ஜூன் முதல் தேதிக்குள் ஐந்து வயது ஆகாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்று, ஒரு வருடம் வீணாகுமே என்ற கவலையில், ஏறக்குறைய எட்டு மாதம் கூட்டி மே 2 என்று எழுதிக் கொடுத்தேன். என் தலைமுறையில் யாரும் இதைப் பொய்யென்று நினைத்ததில்லை. வைதேகி கொஞ்சம் வளர்ந்து, தேதி ஏன் வேறு என்று கேட்டபோது, 'பள்ளிக்கூட குமாஸ்தா பிழை' என்று சொல்லிவைத்தேன். அது இரண்டாவது பொய். அரசாங்கக் காகிதம் சொல்வதுதானே வயது என்று வழியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன்.

7.05க்குச் சேர்ந்தோம். அந்த இடத்தின் ஒழுங்கை மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை. ஜீப் ஓடும் தடத்தைச் சுற்றிலும் கயிறு கட்டி, பார்க்க வருபவர்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு பறத்தலுக்கு முன்பும் கொக்கிகளை ஒருவர் வாய்விட்டுச் சொல்லித் தொட, இன்னொருவர் அதையே திரும்பச் சொல்லித் தொட்டார். காற்று கூடினால் சிவப்புக் கொடி. காத்திருப்பவர் எத்தனை பேரானாலும் நிறுத்தம்தான்.

நடத்துபவர் வர்கீஸ், பட்டாளத்தில் பாராசூட்டில் குதித்தவர். வெலிங்டன் பட்டாள முகாமில் இருந்தபோது பழகிய தமிழ். எடை பார்த்தார்: 41 கிலோ. ஃபைலைப் புரட்டினார்.

"பதினாலு முடிஞ்சு பத்து நாள். கொள்ளாம், சரிதான்." ஃபைலை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "மோளே, உன் நாள், நட்சத்திரம் என்ன? எந்த மாசம் பிறந்தநாளுக்குப் பாயசம் வைப்பாங்க?"

"மார்கழி உத்திரம்," என்றாள் வைதேகி சட்டென்று. "விடியற்காலம் பச்சைத் தண்ணியில குளிக்கச் சொல்லுவா. தணுத்துப் போயிடும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. வர்கீஸ் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அது கிளார்க் பண்ணின தப்பு அங்கிள்," என்றாள் அவள் அவசரமாக. "இல்லையா தாத்தா? சொல்லுங்கோ."

ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும், ஒருவேளை ஏற்றிவிடுவார் என்று தோன்றியது. 

"கிளார்க் இல்லை. நான்தான் மாத்திக் கொடுத்தேன். இவளுக்கு இன்னும் பதினாலு ஆகலை," என்றேன்.

வர்கீஸ் கோபப்படவில்லை. "எல்லாப் பிள்ளைங்க கிட்டயும் இதைக் கேப்பேன் சார். நம்ம ஊர்ல பிள்ளைங்களுக்கு ரெண்டு பிறந்தநாள். நானே பதினேழுல பதினெட்டுன்னு சொல்லிப் பட்டாளத்துல சேர்ந்தவன். கள்ளனுக்குக் கள்ளனைத் தெரியாதா?"

"ஏழெட்டு மாசத்துல எனக்கு என்ன ரெக்கையா முளைக்கப் போறது?" வைதேகிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரெக்கை வேண்டாம். இங்க வா." பறப்பவர்கள் போடும் பட்டைக் கவசத்தை அவளுக்கு மாட்டினார். தொடைப் பட்டையை இழுக்க முடிந்த வரைக்கும் இழுத்தார். பிறகு என்னிடம், "சார், கையை விட்டுப் பாருங்க," என்றார். பட்டைக்கும் அவள் தொடைக்கும் நடுவே என் நான்கு விரலும் தாராளமாகப் போயின.

நூற்றைம்பது அடி உயரத்தில் அந்த நான்கு விரல் இடைவெளியை நினைத்ததும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எடை மட்டும் போதாதாம், இடுப்பு எலும்பு அகன்று பட்டை பிடிக்க வேண்டுமாம். கீழே கொடி காட்டினால், பயத்திலும் அதைப் பார்த்து, பாராசூட்டின் சரியான பட்டையை இழுத்து இறங்கும் நிதானமும் வேண்டுமாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேகத்தில் வளரும் என்பதால்தான் ஒரு வயதைக் கோடாக வைத்திருக்கிறார்கள். அன்று அவளுக்கு ஒரு மணி நேரம் தரையில் பயிற்சி கொடுத்தார்: ஓடுவது, கொடி பார்ப்பது, முழங்காலை மடக்கி விழுவது. அதற்குக் காசு வாங்கவில்லை.

திரும்பும்போது அவள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஸ்ரீகாரியம் தாண்டும்போது, "பாவம், அந்தக் கிளார்க்கை இத்தனை நாள் மனசுல திட்டிண்டிருந்தேன்," என்றாள். அவ்வளவுதான்.

மழைக்கு மூடிய மைதானம் மறுபடி திறந்த பின், 2008 ஜனவரி 19ஆம் தேதி போனோம். அதே டாக்சி, வாடகை 550. பறக்க 350 ரூபாய். படிவத்தில் டிசம்பர் 27 என்று எழுதி, 'சான்றிதழில் உள்ள தேதி தவறு, தவறு என்னுடையது' என்று கீழே கையெழுத்திட்டேன். வர்கீஸ் வாசித்துவிட்டு என்னைக் கவசத்தருகே அழைத்தார். கையை விட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

ஜீப் கிளம்பியது. அவள் ஏழெட்டு அடி ஓடினாள், பிறகு ஓட மண் இல்லை. செல்வராஜ் கடிகாரத்தில் நாலு நிமிடம் பத்து விநாடி. கொடி காட்டியதும் பட்டையை இழுத்து, மடக்கிய முழங்காலோடு அழகாக இறங்கினாள்.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு காலை மட்டும், ஒன்பதுக்குப் பிறகு காற்று கூடும். ஷூ கட்டாயம். தண்ணீர் கொண்டு போங்கள், பக்கத்தில் கடை இல்லை. எந்த மையத்திலாவது வயது கேட்காமல் ஏற்றினால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். கேட்டால், ஜாதகத்தில் உள்ள தேதியைச் சொல்லுங்கள். தொடைப் பட்டையில் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. இறங்கியதும் கவசத்தோடேயே ஓடிவந்து வைதேகி கேட்டாள்: "தாத்தா, கடைசி வரைக்கும் பாத்தேளா?"

செல்வராஜ் எனக்காகத் தலையாட்டத் தயாராக நின்றார்.

"பாதி நேரம் கண்ணை மூடிண்டிருந்தேன்," என்றேன்.

"எனக்கு மேலேந்தே தெரிஞ்சுது," என்று சிரித்தாள்.