பவித்ராவின் மேற்படிப்புக்கு நான் சுமந்த பை

"விண்ணப்பத்துல கையெழுத்து பிள்ளையோடது, வேலையெல்லாம் அம்மாவுக்கு" என்று எனக்கு முதலில் சொன்னது மரகதம் அக்கா. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தைப்பொங்கலுக்கு மறுநாள் சொன்னார். அவருடைய மகன் வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதிப் போட்டு ஓய்ந்திருந்த நேரம் அது. நான் சிரித்துவிட்டேன். பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பப் பார்க்கிற தாய்மாரே, நீங்கள் சிரிக்க வேண்டாம்.

என் கடைசி மகள் பவித்ரா கொழும்பில் பட்டம் முடித்தவள். நாம் பாவிக்கிற பொருட்களை வடிவமைக்கிற முதுமாணிப் படிப்புக்கு சுவீடனில் இடம் கேட்டாள். இடம் மட்டும் கிடைத்தால் போதாது, முழுப் புலமைப்பரிசிலும் கிடைக்க வேண்டும். நான் கொழுந்து பறிக்கிற கூலியில் அவளைப் பக்கத்திலுள்ள பூண்டுலோயா டவுன் வரைக்கும்தான் அனுப்ப முடியும்.

என்ன படிப்பு?

டீச்சர், நர்ஸ் என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். இந்தப் படிப்புக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் பெயர் தெரியாது, எனக்கும்தான். வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டில், எங்களை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா எல்லார் முன்னாலும் விசாரித்தார். முருகனை நினைத்துக்கொண்டு, "மனுசங்களுக்கு நோகாம சாமான் செய்யிற படிப்புங்க" என்றேன்.

ஐயா சொன்னார்: "நல்லதும்மா. ஆபீஸ்ல என் கதிரைக்கு ஒரு கால் ஆடுது. புள்ள வந்தா பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

பைக்குள் குடித்தனம்

செய்து பார்த்த வேலைகளைப் படமும் விளக்கமுமாகத் தொகுத்து அனுப்ப வேண்டுமாம். பவித்ராவின் முக்கியமான வேலை கொழுந்துப் பை. நாங்கள் சாக்கைக் கயிற்றில் கட்டித் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுவோம், கழுத்து போய்விடும். அவள் தோளுக்கு இரண்டு பட்டியும் இடுப்புக்குப் பஞ்சு வைத்த தடித்த பட்டியுமாகத் தைத்தாள். மூன்று வாரம் நான் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

உள்ளதைச் சொல்ல வேண்டும், கழுத்துவலி போய்விட்டது. ஆனால் மழை தொடங்கியதும் அந்தப் பஞ்சுக்குள் அட்டைகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பட்டிகளின் நான்கு கொளுக்கியையும் கழற்றுவதற்குள் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். மகளிடம் சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு ஆசையாகத் தைத்திருந்தாள். பக்கத்து நிரையில் பறிக்கிற செல்லம்மா மட்டும், நான் ஏழாவது அட்டையைப் பிடுங்கி எறிவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மல்லிகாக்கா, ஒங்க மக அட்டைக்கு லயம் கட்டிக் குடுத்திருக்கு."

இல்லை என்பதற்குக் கடிதம்

புலமைப்பரிசில் கேட்கிற வீட்டில் வசதி இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். கிராம சேவகரிடம் ஒன்று, தோட்ட ஆபீசில் ஒன்று, வங்கியில் ஒன்று. ஆபீசுக்கு மட்டும் நான்கு நாள் நடந்தேன். ஒரு நாள் கிளாக்கர் ஐயா இல்லை, ஒரு நாள் முத்திரை இல்லை, ஒரு நாள் இரண்டும் இருந்தும் கரண்ட் இல்லை.

நான்காம் நாள் கிளாக்கர் ஐயா கடிதத்தை நீட்டினார். என் காலில் செருப்பு அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இவ்வளவு தாள் எதுக்கும்மா? ஒங்களையே ஒரு போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கலாமே."

முனியாண்டி கல்லடியில்

நேர்முகப் பரீட்சை போனில். சிக்னல் கிடைப்பது மேல்மலையில் முனியாண்டி கல்லடியில் மட்டும்தான். பவித்ரா கல்லில் போனைச் சாய்த்துவைத்துப் பேசினாள். நானும் செல்லம்மாவும் தள்ளி நின்றோம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பையைப் பாவித்தவரிடம் பேச வேண்டும் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா கேட்டுவிட்டார்.

பவித்ரா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் போனுக்குப் பின்னால் முனியாண்டி சாமி. கழுத்துக்குச் சுகம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டையையும் சொன்னேன், கொளுக்கியையும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் பேசியதை மகள் இரண்டே வரியில் மொழிபெயர்த்தாள். ஆங்கிலம் சுருக்கமான மொழி என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கி வரும்போது செல்லம்மா சொன்னாள்: "பொய் சொல்ல வேண்டிய ஒரே நாளு, அதையும் சாமி முன்னுக்கு வச்சுக்கிட்டீங்களேக்கா."

இரண்டாம் தரம்

இடம் கிடைத்தது, புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. காரணம் எழுதவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே. எட்டு மாதம் வெள்ளிக்கிழமை விரதம் இருந்து சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன், மகளிடம் கேட்கத் துணிவு வரவில்லை. ஒரு நாள் சோறு போடும்போது, "என் வாயாலதான் போச்சு பவி" என்று அழுதுவிட்டேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னத நான் எங்கம்மா சொன்னேன்? கழுத்துக்குச் சொகம்னு மட்டுந்தான் சொன்னேன். அட்டையச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அடுத்த நாளே பட்டியைப் பிரித்தாள். பஞ்சை எடுத்துவிட்டு வலை வைத்தாள், நான்கு கொளுக்கியை ஒன்றாக்கினாள். மழையில் என்னோடு மலைக்கு வந்து, அட்டை எந்தப் பக்கத்தால் ஏறுகிறது என்று குந்தியிருந்து பார்த்தாள். இந்த வருஷம் திரும்ப விண்ணப்பித்தபோது நான் சொன்ன குறையெல்லாம் முதல் பக்கத்திலேயே, என் பெயர் போட்டு.

போன மாதம் இடமும் வந்தது, புலமைப்பரிசிலும் வந்தது. குறையை எழுதியதால்தான் கிடைத்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள். விசாவுக்குக் கொழும்பு போக வேண்டும், நானும் வரவா என்றேன். "வாங்கம்மா. ஆனா உள்ளுக்கு நான் மட்டுந்தான் போவேன், நீங்க வெளிய நின்னு கும்பிடுங்க" என்றாள்.

அவள் படிக்கப் போவது இரண்டு வருஷம். அவளை அனுப்பப் படித்த படிப்பு எனக்கும் இரண்டு வருஷம் எடுத்தது, பட்டமளிப்புதான் இல்லை.

வருகிற வியாழக்கிழமை விசாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் காலையில் விளக்கு வைக்கும்போது பவித்ரா என்ற பேரையும் ஒரு தரம் சொல்லிவிடுங்கள்.