அஞ்ஞானி வீட்டு வேப்பிலை

அஞ்ஞானி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில். ஆள் எண்ணி முடிந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மலேரியா வராமல் இருக்க ஒவ்வொருவர் வாயிலும் கொயினாத் தண்ணீர் ஊற்றுவார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். "அஞ்ஞானி, வாயைத் திற" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமி கும்பிடாதவனா நான்? கசப்பை வாயில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்புவேன். அவர் முகத்தில் துப்பிய மாதிரி இருக்கும்.

மகளுக்கு ஐந்து வயதில் கடும் காய்ச்சல். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆத்தா இறங்கிவிட்டாள் என்றாள் என் மனைவி. நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் வேப்பிலை கட்டினோம். ஆத்தா இருக்கும் வீட்டில் மருந்து கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. மூன்றாம் நாள் பிள்ளை கண்ணே திறக்கவில்லை.

வேலைக்கு வராத என்னைத் தேடி டிரெசர் வந்தார். வாசலை மறித்தேன்.

"உள்ள வராதீங்கய்யா. ஆத்தா வந்திருக்கா."

வேப்பிலையைப் பிய்த்து எறிவார், அடித்துவிடலாம் என்றுதான் நின்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

"மஞ்சள் தண்ணி கொண்டா. கால் கழுவிப்போட்டு வாறன்."

பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இது அம்மை இல்லை. நுளம்பு கடிச்சதைச் சொறிஞ்ச புள்ளி. மலேரியா."

"மருந்து குடுத்தா ஆத்தா கோவிச்சுக்குவா" என்று மனைவி அழுதாள்.

"வேப்பிலை கட்டினபடி கிடக்கட்டும். உங்கட ஆத்தாவும் நிக்கட்டும். பிள்ளை மருந்தைக் குடிக்கட்டும்."

நானே மகளின் தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

ஒரு வாரம், காலையும் மாலையும் வந்தார். ஒவ்வொரு தடவையும் கால் கழுவினார். பிள்ளை எழுந்து சோறு கேட்ட அன்று நான் அவரிடம் கேட்டேன்.

"அஞ்ஞானின்னா என்னாங்கய்யா அர்த்தம்?"

"எங்கட வேதத்தில சேராதவன்."

"அறிவில்லாதவன்னுல்ல சொல்றாங்க?"

"மூண்டு நாள் மருந்தில்லாமல் வைச்சிருந்தனீ. வேற என்னெண்டு சொல்ல?"

அந்தச் சொல்லை இன்றும் நான் ஏற்கவில்லை. யார் சொன்னாலும் சண்டைக்குப் போவேன். ஆனால் என் மகளுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அது அந்த மனிதர் போட்ட பிச்சை.

நான் அப்படிக் கேட்ட மறுநாள் பெரட்டில், "அஞ்ஞானி, வாயைத் திற" என்றார்.

திறந்தேன். துப்பவில்லை.