வாயை மட்டும் அசை

எனக்கு வயது எழுபத்து நாலு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அதில் மூன்று, ஊரில் பிறந்தவை; இரண்டு, நாட்டைவிட்டு வந்த பிறகு இங்கே ஸ்காபரோவில் பிறந்தவை. நாலாவது பாடுகிறவள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதுதான். எழுத்துகள் எனக்குத் தெரியும், ஒவ்வொன்றாகத் தெரியும். அவை சேர்ந்து ஓடத் தொடங்கினால் நான் பின்தங்கிவிடுவேன். அதனால் இதை மெதுவாகத்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரமில்லை. படித்த மனிதர்கள் அவசரத்தில் எழுதிக்கொண்டு வந்ததைப் போன மாதம் மூன்று மணித்தியாலம் ஒரு மண்டபத்தில் இருந்து கேட்டேன். அதைவிட இது மோசமாக வராது.

போன மாதம் எங்கள் சபை என் மகளைக் கௌரவித்தது. அவளுடைய பாட்டுத் தொகுப்பு வெளியாகி, வானொலியில் எல்லாம் போய், வெள்ளைக்காரப் பத்திரிகையில் படம் வந்த பிறகுதான் அவள் எங்கள் பிள்ளை என்பது சபைக்கு நினைவு வந்தது. அந்த மேடையில் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மகளுக்காகக் கொயரில் சண்டை பிடித்த தாய் என்று சொல்லிப் போர்த்தினார்கள்.

நான் சண்டை பிடிக்கவில்லை. அதை எழுதத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன்.

முதலில் அந்தக் கொயரை, சபையின் பாட்டுக் குழுவைச் சொல்ல வேண்டும். வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய சேர்ச். கட்டடம் எங்களுடையதல்ல. காலையில் ஜமெய்க்கா, ட்ரினிடாட் பக்கத்து மக்கள் ஆராதனை நடத்துவார்கள். அவர்கள் போன பிறகு இரண்டு மணிக்கு நாங்கள். எங்கள் ஆட்கள் உள்ளே வந்ததும் செய்கிற முதல் வேலை ஜன்னலைத் திறப்பது. மார்கழிக் குளிரிலும் திறப்பார்கள். அவர்களுடைய சாப்பாட்டு மணம் போக வேண்டுமாம். மீன் பொரித்த உடுப்போடு வந்தவர்கள்தான் திறப்பார்கள். சாமி கும்பிட வந்த இடத்தில் முதல் கும்பிடு மூக்கைப் பொத்துவது.

கொயரை நடத்தியவர் ஊரில் ஒரு கல்லூரியில் கணக்குப் படிப்பித்தவர். மாஸ்ரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பாட்டையும் அவர் கணக்காகத்தான் படிப்பித்தார். யாராவது ஒரு இடத்தில் கொஞ்சம் நீட்டிப் பாடினால், விடையைப் பார்த்து எழுதின பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பார். பதினெட்டுப் பேர் பாடினோம். பதினெட்டுப் பேரும் சேர்ந்தால் குசினியில் பிரிஜ் ஓடுகிற சத்தம் வரும். அதற்கு அவர் ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தார்.

கொயரில் நிற்கிற எல்லோர் கையிலும் பாட்டுப் புத்தகம் விரித்தபடி இருக்க வேண்டும். அது மாஸ்ரரின் சட்டம். எனக்கு எல்லாக் கீர்த்தனையும் மனப்பாடம், எந்தச் சரணத்தில் கேட்டாலும் தொடங்குவேன். ஆனால் புத்தகத்தில் அது எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. பக்கத்தில் நிற்கிற அக்கா தாளைப் புரட்டும்போது நானும் புரட்டுவேன். பன்னிரண்டு வருஷம் அப்படிப் புரட்டினேன். சபையில் நான் சும்மா ஆளில்லை. பெண்கள் சங்கத்துக்கு இரண்டு தரம் தலைவியாக இருந்தவள். கூட்ட அறிக்கையை வாசிக்கச் சொன்னால் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன். கண்ணாடி கைப்பையில் இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலாவதுக்குப் பன்னிரண்டு வயதில் குரல் மாறியது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு உடைவது போலத் தடித்துக் கீழே இறங்கிவிட்டது. சீனி கருகும்போது கசப்பும் இனிப்பும் ஒன்றாக வருமே, அந்த மாதிரிக் குரல். வீட்டில் கோப்பை கழுவிக்கொண்டு பாடுவாள். நான் குழாயைப் பூட்டிவிட்டுக் கேட்பேன். அவள் பார்த்தால், தண்ணீரை வீணாக்காதே என்று ஏசுவேன்.

எங்கள் சபையில் நத்தார் கரோல் ஆராதனைக்கு ஒரு வழக்கம் உண்டு. விளக்கெல்லாம் அணைத்துவிடுவார்கள். பின்கதவிலிருந்து ஒரு பிள்ளை மெழுகுதிரியோடு நடந்து வரும். முதல் பாட்டின் முதல் அடிகளைத் தனியாகப் பாடிக்கொண்டு வரும். பீடத்துக்கு வந்த பிறகுதான் கொயர் சேரும். மெழுகுதிரி பிடித்த பிள்ளையின் தாய் அடுத்த நத்தார் வரைக்கும் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிவாள். இதற்காகப் பெண்கள் வருஷக்கணக்காக ஒருத்தியோடு ஒருத்தி கதையாமல் இருந்திருக்கிறார்கள். கர்த்தர் பிறந்ததற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அவளுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, வழக்கமாகப் பாடுகிற பிள்ளையின் குடும்பம் அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டது. மாஸ்ரர் இவளுடைய பெயரைச் சொல்லிவிட்டார். நான் உடனே வெள்ளைத் துணி வாங்கி உடுப்புத் தைத்தேன்.

ஒத்திகையில் பாடினாள். கடைசி அடியில் மெட்டை விட்டுக் கீழே இறங்கினாள். இறங்கி, அங்கே கொஞ்சம் நின்று, பிறகு மெதுவாக ஏறி வந்தாள். எனக்குக் கையிலிருந்த புத்தகம் நழுவப் பார்த்தது. பிறகு சபைப் பொருளாளரின் மனைவி வாயைத் திறந்தாள்.

"உதென்ன, குடிவெறியில நிக்கிற ஆம்பிளை தாலாட்டுப் பாடின மாதிரி?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனுசி பாடினால் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே கேட்காது. அவளுக்கு ஒரு மகள் இருந்தாள்.

ஒத்திகை முடிய மாஸ்ரர் என்னைக் கீழே கோட்டுகள் தொங்கவிடுகிற இடத்துக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உம்மட பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா உந்தக் குரல் ஆராதனைக்குச் சரிவராது. பொருளாளற்ற மகள் பாடட்டும்."

"பேரைச் சொல்லியாச்சே மாஸ்ரர். நான் உடுப்பும் தைச்சிட்டன்."

"உடுப்பைப் போடட்டும், ஆர் வேண்டாமெண்டது? கொயரோட நிக்கட்டும். சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைக்கச் சொல்லும். அவளின்ர குரல் மற்றக் குரலுகளை விழுங்குது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மை, திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பன்ரண்டு வருசமா நீர் எந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர் எண்டு நான் ஆருக்கும் சொன்னனானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோட்டை எடுத்துப் போட்டு, பட்டன்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். நான் என் வாயைப் பூட்டினேன்.

லோரன்ஸ் வீதி பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அவளிடம் சொன்னேன்.

"பாட்டு உனக்கில்லையாம். நான் மாஸ்ரரோட எவ்வளவோ சண்டை பிடிச்சன் பிள்ளை. மனுசன் அசையிறானில்லை."

"உண்மையாவா அம்மா? எனக்காகவா?"

"பின்னை? சும்மா விடுவனே? ஒரு நாள்தானே, நீ சத்தம் போடாமல் வாயை மட்டும் அசை."

அவள் அழவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்து, "தாங்ஸ் அம்மா" என்றாள். ஏசியிருந்தால் நான் இந்தக் கொப்பியைத் தொட்டிருக்க மாட்டேன்.

கரோல் அன்று பொருளாளரின் மகள் மெழுகுதிரியோடு வந்தாள். காதடியில் ரீங்காரமிடும் நுளம்பு போலப் பாடினாள். தாய் கொயரின் முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்தாள். என் மகள் வெள்ளை உடுப்போடு கொயரில் நின்று வாயை அசைத்தாள். மிக நன்றாக அசைத்தாள், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் பின்வரிசையில் தாளைப் புரட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி பாடுவது போல நடித்தாள், மற்றவள் வாசிப்பது போல.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பத்து மணிக்கே வெளிக்கிட்டுவிடுவாள். லைப்ரரிக்குப் போகிறேன், அங்கிருந்து சேர்ச்சுக்கு வாறன் என்பாள். நம்பினேன். அடுத்த உயிர்ப்பு ஞாயிறன்று பெண்கள் சங்கத்துக்கு றோல்ஸ் சூடாக்குவதற்காக நேரத்தோடு போனேன். கீழே குசினியில் நிற்கும்போது மேலே காலைச் சபை பாடுவது கேட்டது. தரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் கருகின சீனி மணந்தது.

படியேறிக் கதவின் இடுக்கால் பார்த்தேன். முப்பது பேர் நின்று பாடினார்கள். ஒருத்தர் கையிலும் புத்தகமில்லை. நான் இரண்டு தரம் பார்த்தேன். முன்னுக்கு ஒரு பருத்த பெண் நின்று அடியைப் பாடிக் கொடுத்தாள், இவர்கள் காதால் பிடித்துத் திருப்பிப் பாடினார்கள். அவள் கிழமை நாளில் பஸ் ஓட்டுகிறவள் என்று பிறகு அறிந்தேன். அவள் விரலை நீட்டினாள். என் மகள் இரண்டாம் வரிசையிலிருந்து முன்னால் வந்து தனியாகப் பாடினாள். மெட்டை விட்டு இறங்கியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் எழுந்து நின்று, இன்னும் இறங்கு என்பது போலக் கையைக் காட்டினார். அங்கே அவளுடைய குரல் யாரையும் விழுங்கவில்லை. எல்லோரும் அவளைவிடச் சத்தமாகப் பாடினார்கள்.

நான் கதவைச் சாத்திவிட்டு றோல்ஸைப் பார்க்கப் போனேன். ஒரு தட்டு கருகிவிட்டது. கருகினதைப் பொருளாளரின் மனைவிக்குக் கொடுத்தேன்.

எங்கள் சபைக்கு விஷயம் தெரியவர அதிக நாள் எடுக்கவில்லை. பொருளாளரின் மனைவிதான் முதலில் கேட்டாள்.

"உங்கட மகள் உவையளோட நிண்டு கைதட்டி ஆடுறாளாமே அக்கா?"

"ஓம், ஆடுறாள். உங்கட மகள் என்ன செய்யிறாள்? இன்னும் மெழுகுதிரியை வைச்சுக்கொண்டு நிக்கிறாளோ?"

இப்படிப் பதில் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வேண்டிய அன்றுதான் சொல்லவில்லை.

அவள் பாடுவதற்கு சோல் என்று பெயர். ஆத்துமா என்று அர்த்தமாம். காலைச் சபையில் பதினொரு வருஷம் பாடினாள். பிறகு மற்றப் பாடகர்களுக்குப் பின்னால் நின்று பாடினாள், கலியாணங்களில் பாடினாள், மதுக்கடைகளிலும் பாடினாள். மதுக்கடையில் பாடியதற்காக எங்கள் பாஸ்டர் அவளுக்காக ஜெபித்தார், பெயரைச் சொல்லியே ஜெபித்தார். அவருடைய பிறந்தநாள் விருந்தில் எத்தனை மதுப் போத்தல் காலியானது என்று எனக்குத் தெரியும், நான்தான் கிளாஸ் கழுவினேன்.

டவுன்டவுனில் ஒருவன் பாட்டுப் பதிந்து தருகிறேன் என்று கூப்பிட்டான். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வா, பின்னால் வீணை போடுவோம் என்றானாம். அவனுக்கு அவளுடைய நிறம் மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. அவள் எழுந்து வந்துவிட்டாள். கடைசியில் அந்தப் பஸ் ஓட்டுகிற பெண்ணின் வீட்டு பேஸ்மென்டில், சுவரைச் சுற்றி மெத்தைகளை நிமிர்த்தி வைத்துப் பதிந்தார்கள். ஒன்பது பாட்டு, எல்லாம் அவளே தனியாகப் பாடியது. நான் மூன்று சனிக்கிழமை அவர்களுக்குப் புட்டும் கோழிக்கறியும் கொண்டுபோனேன். அந்தப் பெண் கையால் பிசைந்து சாப்பிட்டாள். ஜன்னலைத் திறக்கவில்லை.

பாட்டு வெளியானது. பிறகு போன மாதத்து விழா. ஒன்பது பேர் பேசினார்கள். மாஸ்ரர் பொல்லை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல்.

"இந்தக் குரலை முதன்முதலில் அடையாளம் கண்டவன் நான்" என்றார்.

கைதட்டினார்கள். அந்தக் கரோலில் இருந்து பார்த்தவர்களும் தட்டினார்கள். அதன் பிறகு மகளைப் பேசவிட்டார்கள். அவளுடைய தமிழ் தடக்கித் தடக்கித்தான் வரும்.

"சின்னனில என்னை, வாயை மட்டும் அசை எண்டு சொன்னவை. என்ர அம்மா மட்டும் எனக்காகச் சண்டை பிடிச்சவ. அம்மா இல்லாட்டி நான் பாடியிருக்க மாட்டன்."

மண்டபம் எழுந்து நின்றது. எனக்குப் பொன்னாடை வந்தது. என்னைக் கொண்டுபோய் மேடையில் மாஸ்ரருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"சண்டை பிடிச்சனீரோ தங்கச்சி?"

"ஓம் மாஸ்ரர். மறந்திட்டியளே?"

"இருக்கும், இருக்கும். வயசு போட்டுது."

சிரித்தார். கோட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்த அதே சிரிப்பு. இருபத்து மூன்று வருஷம் அந்த மனுசனை நான் ஒரு மனுசனாக எண்ணவில்லை. அன்று இரண்டு பேர் தோளிலும் கிடந்தது ஒரே கடையில் வாங்கிய பொன்னாடை.

மகள் பாட எழுந்தபோது மண்டபத்தை ஒப்படைக்கிற நேரம் வந்துவிட்டது. ஒரு பாட்டு போதும் என்றார்கள். அவள் தொடங்க, பின்னால் சாப்பாட்டுத் தட்டங்களின் மூடிகளைத் திறந்தார்கள். சனம் கொத்துரொட்டிக்கு வரிசையாக எழுந்துபோனது. அவளோ கண்ணை மூடிக்கொண்டு மெட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்து கேட்டவர்கள் இரண்டு பேர்தான். அவளை வாயடைத்த இரண்டு பேர்.

அன்றிலிருந்து அந்தப் பொன்னாடை வந்த பையிலேயே கிடக்கிறது. சபையார் என்னை என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றுதான், அவர்களுக்காக ஒரு பென்சிலைக்கூடச் சீவ மாட்டேன். அவள் ஒருத்திக்குத்தான் இது. தாய் சண்டை பிடித்தாள் என்று நம்பித்தான் பாடினேன் என்கிறாள். இது தெரிந்த பிறகு அவள் என்னோடு கதைக்காமல் விடலாம். விட்டால் விடட்டும். பஸ்ஸில் வாங்கிய நன்றியை இனியும் வைத்திருக்க முடியாது. நேரில் சொல்லப் போனால் வேறு ஏதாவது கெட்டித்தனமாகச் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதினேன். இருபது நாள் பிடித்தது.

நாலாவதுக்குத் தமிழ் வாசிக்க வராது; மூத்தவளின் மகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள். என்னைவிட வேகமாக வாசிப்பாள். கொப்பியைப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, இவ்வளவும் நீங்களா? சீரியஸா?" என்கிறாள். போனில் படம் எடுத்துப் பாடுகிற சித்திக்கு அனுப்பவா என்று கேட்கிறாள். வேண்டாம். சித்தி வந்துவிட்டாள், வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது.

இந்தா பிள்ளை, கொப்பியைப் பிடி. முதலிலிருந்து வாசி. பிழையைத் திருத்தாதே, நான் எழுதின மாதிரியே வாசி. பஸ் வருகிற இடத்தில் குரலைக் குறைக்காதே. சித்திக்குக் கேட்க வேண்டும்.