சுருட்டைமுடி மாப்பிள்ளை

சின்ன வயதிலிருந்தே எனக்கு யாரையும் நம்பாத புத்தி. பால்காரர் அளந்து ஊற்றும்போது படிக்குள் எட்டிப் பார்ப்பேன். "போலீஸ்காரன் ஊட்டுல பொறக்க வேண்டியது, தப்பி எனக்கு வந்து பொறந்துபோட்டுது" என்று அம்மா தலையிலடித்துக்கொள்வாள். இந்தப் புத்திக்கு வாராவாரம் தீனி போட்டது அத்தை வாங்கிய பத்திரிகை. அதன் நடுப்பக்கங்களில் ஒரு காதல் படக்கதை தொடராக வந்துகொண்டிருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. பல்லடத்தில் தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். படக்கதையில் படங்கள் என்னவோ அப்படி ஒரு அழகு. நாயகியின் கண்ணில் நிற்கும் நீர் சிந்திவிடுமோ என்று தாளைச் சாய்க்காமல் பிடிக்கத் தோன்றும். கதைதான் கண்றாவி. மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கிய தாய், இரண்டு வாரம் கழித்து நாயகனுக்குக் காபி கொண்டுவருவாள். விபத்தில் கண் போன நாயகன், அடுத்த வாரமே நிலா வெளிச்சத்தில் காதலியின் கடிதத்தைப் படிப்பான்.

"ஏனுங்கத்தை, இவனுக்குத்தான் கண்ணு போயிருச்சுல்லங்க?"

"கதை கெடக்குது கண்ணு. முடியைப் பாரு, ஒவ்வொரு சுருளா எப்படிப் போட்டிருக்கறான்னு."

இந்தப் பேச்சால்தான் வீட்டில் எல்லோருக்கும் அத்தைமேல் சந்தேகம். ஏற்கனவே இரண்டு இடங்களை அவள் வேண்டாம் என்றிருந்தாள். படத்தில் வருகிறவனைப் போல மாப்பிள்ளை கேட்கிறாள் என்று அம்மா அப்பாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அப்பாவும் வெறுத்துப்போய், "இனி ஒரு இடத்தை வேண்டாமுன்னு உன் வாயில வந்துச்சு, மாப்பிள்ளை பார்க்கறதையே உட்டுப்போடுவேன், ஆமா" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத் தரகர் ஒரு போட்டோவோடு வந்தார். அடேயப்பா! அப்படியே படக்கதையிலிருந்து இறங்கி வந்தவன். அதே சுருட்டைமுடி, அதே பார்வை. அம்மாகூட இரண்டாம் முறை வாங்கிப் பார்த்தாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு, கோயமுத்தூரில் இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை, ஒரே பையன் என்றார் தரகர். அடுத்த முறை வந்தபோது தோப்பு பொள்ளாச்சிக்கு நகர்ந்திருந்தது. பவுண்டரி வேலை, பவுண்டரியில் பங்காக உயர்ந்திருந்தது. பெங்களூரில் ஓர் அண்ணன் வேறு முளைத்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, போன தடவை ஒரே பையன்னீங்க. இந்த அண்ணன் எப்பங்க பொறந்தாரு?"

தரகர் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சிரித்தார். "பாப்பா கெட்டிக்காரிங்க. அது பெரியப்பன் பையனுங்க. கூடப் பொறந்தாப்ல."

அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். உள்ளே அத்தை பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "இன்னும் என்னென்ன மாத்திச் சொன்னாரு?" என்று கேட்டாள். ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூஞ்சி நல்லாத்தான் இருக்குது" என்றாள். போச்சு, அத்தை முடியைப் பார்த்து விழுந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை போட்டோவைவிட அழகாகவே இருந்தார். என்ன வேலை என்று அப்பா கேட்டதற்கு மட்டும் தரகரின் முகத்தைப் பார்த்தார். அவர்கள் போனதும் அப்பா வாயெல்லாம் பல்லாக, "என்ன அம்மணி சொல்றே?" என்றார். "உங்க இஷ்டமுங்ணா" என்றாள் அத்தை. "ஒரு வார்த்தை சாமியையும் கேட்டுப்போடலாமுங்ணா."

எந்தக் கல்யாணத்தையும் சென்னிமலை முருகனிடம் பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் உறுதி செய்வதில்லை. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் ஒரே மாதிரி கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒரு சிறுபிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். யாருக்குக் கல்யாணமோ அவர் கையாலேயே பொட்டலம் கட்ட வேண்டும் என்பது வழக்கம். அத்தை தூணோரம் திரும்பி உட்கார்ந்து கட்டினாள். எடுக்க வேண்டிய பிள்ளை நான்.

முருகா, சிவப்பு வரட்டும், அந்தப் பெங்களூர் அண்ணன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு. அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "கொடுத்து வெக்கலீங்க" என்றாள் அம்மா. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. என்னால்தான் இப்படி ஆயிற்றோ என்று அத்தையை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன்.

படியிறங்கும்போது பிரசாதப் பை என் கையில் இருந்தது. பிரிக்காத மற்றப் பொட்டலம் அதில் கிடந்தது. நம்பாத புத்தி சும்மா இருக்குமா? பிரித்தேன்.

"ஐயோ அத்தை, இதுலயும் செவப்புங்க!"

அத்தை வெடுக்கென்று பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் பத்துப் படிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். "மெல்லப் பேசு கண்ணு. சாமிக்குச் சுத்தமாப் புடிக்கலீன்னா வெள்ளையும் செவப்பாயிருமாமா. அப்பாகிட்டச் சொல்லிப்போடாதே, பயந்துக்குவாரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாயைத் திறக்கவே இல்லை. பஸ்ஸில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், ஆசைப்பட்டவனைச் சாமியே தட்டிவிட்டதே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. "அழுவாதீங்கத்தை" என்றேன். அழுதது நான் மட்டும்தான். காங்கேயத்தில் பஸ் நின்றபோது அத்தை வேகவைத்த நிலக்கடலை வாங்கி, மடியில் போட்டு உரித்து, எனக்கு ஒன்று ஊட்டிவிட்டு அவள் நான்கு தின்றாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் பசிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.