வட்டம் போட்ட மரங்கள்

மரத்தில் வட்டம் போட்டால் அதை வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒன்பது வயதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்த சில விஷயங்களில் இதுவும் ஒன்று. திருச்சி தென்னூரில் எங்கள் தெருமுனையில் ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் ஒருநாள் காலையில் புளியமரங்களைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் அடித்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மரங்கள் இல்லை. யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. விளக்க என்ன இருந்தது?

அந்த வருஷம் காலாண்டு லீவுக்கு என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவின் அக்கா. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா காட்டிலாகாவில் ரேஞ்சர். வையம்பட்டி ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டியில் ஒன்றரை மணி நேரம் போனால் மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்று வரும். அதுதான் மாமாவின் குவார்ட்டர்ஸ். கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே காடு. உசிலையும் வேலாவும் இன்னும் பெயர் தெரியாத மரங்களும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, பட்டப்பகலிலும் உள்ளே இருட்டாக இருக்கும்.

மாமா அதிகம் பேசமாட்டார். சாப்பிடும்போது மட்டும் காட்டைப் பற்றி ஏதாவது சொல்வார். அந்தத் தடவை அவர் சொன்னது, அந்த மலைச்சரிவை வெட்டப் போகிறோம் என்பது. ஒவ்வொரு வருஷமும் வெட்டுவதற்கென்று காட்டில் ஒரு துண்டைப் பிரித்துவிடுவார்களாம், அதற்குக் கூப்பு என்று பெயராம். இந்த வருஷத்துக் கூப்பு வீட்டுக்குப் பின்னாலேயே வந்துவிட்டதாம்.

“காடு ரொம்ப மூடிக்கிச்சும்மா. கீழ வெயிலே எறங்கல. புல்லு இல்ல, தளிர் இல்ல. முயலும் மானும் எதைத் திங்கும்? வெட்டிவிட்டாத்தான் அடிக்கட்டை தழைக்கும்” என்றார் மாமா.

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காட்டைக் காப்பாற்றுவதற்காகச் சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மனிதர், மானுக்காகவும் முயலுக்காகவும் காட்டை வெட்டுகிறேன் என்று ரசத்தைப் பிசைந்துகொண்டே சொல்கிறார். எங்கள் சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளையே உண்டியலை உடைத்துவிட்டு ஏழைகளுக்காகத்தான் உடைத்தேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மாமாவைப் போன்ற ஒரு நல்லவர் வாயால் இவ்வளவு பெரிய பொய் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அத்தையோ அதைக் கேட்டுக்கொண்டே அவருக்கு மோர் ஊற்றினாள்.

மாமாவின்கீழ் ஒரு ஃபாரஸ்ட் கார்டு இருந்தார். காக்கிச் சட்டை, இடுப்பில் அகலமான பெல்ட், அதில் பித்தளைப் பில்லை. அந்தப் பில்லையைத் தினமும் சாம்பல் போட்டுத் துலக்குவார். மறுநாள் காலையில் அவர் என்னைக் கொல்லைக் கதவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு உசிலை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கோணல் மரம். கொடி ஏறிப் பின்னிக் கிடந்தது. கொடிக்குள்ளே பஞ்சு உருண்டைபோல ஏதோ ஒன்று. அவர் மெல்லக் கையைத் தட்டியதும் உருண்டை விரிந்தது. முகம் முழுக்கக் கண்ணாக ஒரு பிராணி என்னைப் பார்த்தது. குச்சிக் கைகள், குழந்தையின் விரல்கள்.

“தேவாங்கு பாப்பா. பகல்ல தூங்கும். சத்தம் போடாதீங்க” என்றார்.

அன்று பிற்பகல் முழுக்க எனக்கு வேறு நினைவில்லை. அதற்கு அடுத்த நாள் மாமா கையில் பிரம்போடு காட்டுக்குள் நடந்தார். பின்னால் கார்டு தார்ச்சட்டியும் மட்டையும் எடுத்துக்கொண்டு போனார். மாமா பிரம்பால் ஒரு மரத்தைத் தொடுவார். கார்டு அதன் நெஞ்சளவு உயரத்தில் சுற்றித் தாரால் ஒரு வட்டம் போட்டு, கீழே ஒரு நம்பர் எழுதுவார். நான் கொல்லைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிரம்பு என் உசிலை மரத்தையும் தொட்டது.

மாமாவிடம் கேட்டிருக்கலாம். கார்டிடமாவது கேட்டிருக்கலாம். தெரிந்த விஷயத்தை யாராவது கேட்பார்களா?

அத்தை சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்த நேரம் பார்த்து, அடுப்பங்கரையிலிருந்து தோசைத்திருப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தார் இன்னும் காயவில்லை. உசிலைப் பட்டையோடு சேர்த்துச் சுரண்டினேன். வட்டம் போயிற்று, நம்பரும் போயிற்று. கறையாக இருந்த இடத்தில் செம்மண்ணை எச்சிலில் குழைத்துப் பூசினேன். தோசைத்திருப்பியைப் புதருக்குள் வீசிவிட்டேன். அத்தை அதை இரண்டு நாள் தேடினாள். அன்று சாயங்காலம் ஜெபம் சொல்லும்போது, அந்த மரத்தை என் மூலமாகக் காப்பாற்றியதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது; ஒரு புண்ணிய காரியம் செய்ய இடம் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அரையாண்டு லீவுக்கு மறுபடி போனேன். சாயங்காலம் வண்டி போய்ச் சேர்ந்தபோது எதுவும் சரியாகத் தெரியவில்லை. காலையில் கோடாலிச் சத்தத்தில் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தேன்.

காட்டைக் காணோம்.

மலைச்சரிவு முழுக்க வெளிச்சம். கண் கூசியது. எங்கே பார்த்தாலும் வெட்டிய கட்டைகள், அடுக்கிய விறகு, காய்ந்த கிளைகள். படியிலேயே நின்றேன். அப்புறம்தான் அங்கங்கே தனித்தனியாகச் சில மரங்கள் நிற்பதைப் பார்த்தேன். கோணல் மரங்கள், பொந்து விழுந்த மரங்கள், கொடி ஏறிய மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் கறுப்பாக ஒரு வட்டம்.

வட்டம் போட்ட மரங்கள்தான் நின்றன. எனக்கு அது புரியவில்லை. புரியாமலேயே உசிலை மரத்தை நோக்கி ஓடினேன். அது இன்னும் நின்றுகொண்டிருந்தது, ஆனால் அதன் அடியில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், அதில்தான் வட்டம் இல்லையே, ஏன் வெட்டுகிறீர்கள் என்று கத்தினேன்.

அந்த அம்மாள் சிரித்தாள். “வட்டம் போட்டது நிக்கணும் பாப்பா. போடாததுதான் வெட்டு” என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் மரம் முறிகிற சத்தம் கேட்டது. யாரோ என்னைப் பின்னால் இழுத்தார்கள். மரம் மெதுவாகத்தான் சாய்ந்தது. கொடிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. கீழே விழுந்தபோது என் காலடியில் தரை அதிர்ந்தது. புழுதி அடங்கியதும் அந்த அம்மாள்தான் கொடிகளை விலக்கிப் பார்த்தாள். தேவாங்கு செத்துக் கிடந்தது. அதன் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி, உயிரோடு.

மாமா வந்தார். குந்தி உட்கார்ந்து குட்டியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தாயின் மயிரிலிருந்து பிரித்தெடுத்தார். அதை என் உள்ளங்கையில் வைத்தார். அது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சின்னக் கைக்கு அத்தனை பிடி எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மாமா எழுந்து வெட்டிய கட்டையைச் சுற்றி வந்தார். பிறகு கார்டைக் கூப்பிட்டார். இந்த மரத்தைத் தானே பிரம்பால் தொட்டுக் காட்டியதாகவும், நோட்டில் அதன் நம்பர் இருப்பதாகவும் சொன்னார். போட்ட வட்டத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறது, யாருக்காகச் சுரண்டினாய் என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. கார்டு, தாம் வட்டம் போட்டது நிச்சயம் என்றும் சுரண்டவில்லை என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“பில்லையைக் கழட்டிக் குடு” என்றார் மாமா.

வெட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்க, அவர் பெல்ட்டிலிருந்து பில்லையைக் கழற்றினார். கொடுப்பதற்கு முன் அதைச் சட்டை முனையில் துடைத்தார். நான் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே மாமா மேலதிகாரிக்கு ரிப்போர்ட் எழுதித் தபாலில் அனுப்பிவிட்டார். தேவாங்குக் குட்டிக்கு அத்தை பஞ்சுத் திரியில் ஆட்டுப்பால் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மறுநாள் மத்தியானம் அது செத்துப்போனது. நான் என் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: ஊருக்குப் போனதும் முதல் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தால் சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிடுவார், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. ஆனால் கார்டின் வீடு குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. காக்கிச் சட்டை இல்லாமல், வெறும் உடம்போடு, வாசலில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் அவரைப் பார்க்கவேண்டியிருந்தது. அவரும் என்னைப் பார்த்து, எப்போதும்போல, பாப்பா சாப்பிட்டீங்களா என்று கேட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அத்தை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அத்தை என் கன்னத்தில் அறைந்தாள். என்னைத் திட்டிக்கூடப் பழக்கமில்லாதவள். அறைந்த கையோடு என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மாமாவின் முன்னால் நிறுத்தினாள்.

மாமா முழுக்கக் கேட்டார். “எதுக்கும்மா சுரண்டுன?”

“வட்டம் போட்டா வெட்டிருவாங்கன்னு. தேவாங்கு இருந்திச்சு மாமா.”

அவர் முகத்தில் ஒரு கணம் ஏற்பட்டதை எனக்கு எழுதத் தெரியவில்லை. யாரோ அவரையே அறைந்த மாதிரி இருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து பில்லையை எடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கார்டின் வீட்டுக்கு நடந்தார். கார்டு பதறி எழுந்து தோளில் துண்டைத் தேடினார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். மாமா, தப்பு என்னுது என்று சொல்லிப் பில்லையை அவர் கையில் வைத்தார்.

கார்டு பில்லையை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாந்தான் மரம் மாறிப்போச்சுன்னு வட்டத்தைச் சுரண்டிட்டேன்போலன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேங்கய்யா. ரெண்டு நாளா அந்தத் தார்ச்சட்டிதான் கண்ணுக்குள்ள நிக்குது” என்றார். பெரியவர்கள் அழுவதை நான் சாவு வீட்டில்தான் பார்த்திருந்தேன்.

மாமா வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். இரண்டு தாளைக் கிழித்துப்போட்டார், மூன்றாவதை உறையிலிட்டு ஒட்டினார். அது அப்பாவுக்கு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஊருக்குத் திரும்பியதும் ஒரு வாரம் தபால்காரரின் மணி கேட்கும்போதெல்லாம் நான்தான் முதலில் வாசலுக்கு ஓடினேன். அப்பாவுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த காலாண்டு லீவில் அத்தை வீட்டுச் சாமான்களைக் கட்ட அப்பாவோடு நானும் போனேன். மாமாவுக்குத் திருச்சிக்கே மாற்றல் ஆகியிருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் சரிவு முழுக்கப் பச்சை. வெட்டிய கட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஏழெட்டுத் தளிர்கள் கிளம்பி என் தோள் உயரத்துக்கு நின்றன. நடுவில் முழங்கால் அளவு புல். கார்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது இரண்டு முயல்கள் காலடியிலிருந்து பாய்ந்து ஓடின. கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு போயிற்று. ஈரமண்ணில் மான் குளம்புத் தடத்தைக் காட்டினார். வட்டம் போட்ட ஒரு பொந்து மரத்திலிருந்து கிளிகள் தலையை நீட்டின. மாமா புல்லுக்கு நடுவே தனியாக வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். வண்டிக்காரர் நாழியாகிறது என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

மாமா காலமானபிறகு, பல வருஷம் கழித்து, அத்தைதான் சொன்னாள். அந்தக் கடிதம் மேலதிகாரிக்கு எழுதியது. கார்டுமேல் குற்றமில்லை, மரம் மாறிவிட்டது என்று வட்டத்தைச் சுரண்டச் சொல்லிவிட்டு மறந்தது நான்தான் என்று மாமா எழுதியிருக்கிறார். என் பேச்சே அதில் இல்லை. மேலதிகாரி விசாரிக்க நேரில் வந்தார். ஒரு மரத்தைப் பற்றி விசாரிக்க வந்தவர் மற்ற மரங்களையும் பார்த்தார். விதைக்கு என்று நேரான, விளைந்த மரங்களாகப் பார்த்து விடவேண்டும் என்பது சட்டம். மாமா அவற்றில் பாதியைக் கோணலும் பொந்துமாக, குருவிக்கும் தேவாங்குக்கும் என்று விட்டுவைத்திருந்தார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்துவந்தாராம், யாரும் கவனித்ததில்லை. அதன்பிறகு அவருக்குக் காட்டில் வேலை கொடுக்கவில்லை.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அத்தை எங்கள் பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்டாள் என்பதுதான். மாமாவுக்குக் காட்டிலாகாவின் விறகு டிப்போவில் வேலை. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போகிற வழியில் இருந்தது. வாசலில் நின்றால் அப்போது கட்டி முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரம் தெரியும். முதல் சனிக்கிழமையே பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிய கட்டைகளுக்கு நடுவில், கீற்றுக் கொட்டகையில், ஒரு மேஜைக்குப் பின்னால் மாமா உட்கார்ந்திருந்தார். நான் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“இனிமே வெயில்ல அலைய வேணாம்ல மாமா?”

“வேணாம்மா” என்றார் மாமா.

அந்த வாரம் வகுப்பில் எல்லோரிடமும் எங்கள் மாமாவுக்குப் பிரமோஷன் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன்.