ஒஹாயோவில் யாரை விசாரிப்பது?

போன செவ்வாய்க்கிழமை காலை. பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன். தொலைபேசி அடிக்கிறது. எடுத்தால் மலர்.

"அக்கா, நீங்கள் அமெரிக்காவுக்குப் போனனீங்கள்தானே?"

போனேன். ஒரு கலியாண வீட்டுக்காக சிகாகோவுக்குப் போய், ஒரு வாரம் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இங்கே ஜேர்மனியில், கொலோனில் எங்கள் ஆட்களுக்கு அது போதும். அமெரிக்கா பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வரும்.

"ஒஹாயோவில கொலைகாரர் கனபேராமே... உண்மையே?"

வாய் நிறையப் பற்பசை. பதில் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தாலும் என்னத்தைச் சொல்வது? காலை ஏழரை மணிக்கு ஒரு மனுசியிடம் கேட்கிற கேள்வியா இது?

வாயைக் கொப்பளித்துவிட்டு விசாரித்தால்தான் விஷயம் விளங்கியது. மலரின் ஒரே மகள் தர்ஷா. இங்கேயே பிறந்தவள். ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து ஒரு பல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள் — மற்றவர்களுக்குப் பல் செய்து கொடுக்கிற வேலை. அவளுடைய பல் ஒன்றையும் லேசில் பிடுங்க முடியாது. அவ்வளவு உறுதியான பெண்.

ரொறொன்ரோவில் சிநேகிதி ஒருத்தியின் கலியாணத்துக்குப் போன இடத்தில் குகனைச் சந்தித்திருக்கிறாள். பிடித்துப்போயிற்று. குகனின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்து ஆட்கள். எப்போதோ ஒஹாயோ மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். குகன் அங்கேயே பிறந்து, வளர்ந்து, படித்து, மிருக வைத்தியராக இருக்கிறான்.

"ஆக்களைப் பாக்கிற டொக்டர் இல்லையாம் அக்கா, நாயைப் பூனையைத்தானாம்" என்று மலர் அப்போதே என்னிடம் கொஞ்சம் அழுதாள். பிறகு அதையும் விழுங்கிக்கொண்டாள். மகளுக்குப் பிடித்திருக்கிறது, வேறென்ன வேண்டும்? சாதகக் குறிப்பும் பொருந்திவிட்டது. சனிக்கிழமை பெடியன் வீட்டார் கொலோனுக்கு வந்து நாள் வைப்பதாக ஏற்பாடு.

இந்த நேரத்தில்தான் நடேசண்ணை ஒஹாயோவை விசாரித்திருக்கிறார்.

நடேசண்ணை மலரின் மூத்த சகோதரம். ஹம் நகரத்தில் இருக்கிறார். மலரின் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அவர் சொல்தான் முடிவு. அதைவிட முக்கியம் — இந்த வட்டாரத்தில் பாதிக் கலியாணங்களுக்கு ஊர் விசாரித்தவர் அவர். ஒரு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் போதும். லண்டனுக்கு ஒரு போன், பாரிஸுக்கு ஒரு போன். மாப்பிள்ளையின் தாத்தா யாரோடு வேலிச் சண்டை பிடித்தார் என்பது வரைக்கும் வந்துவிடும். பொலிஸ்காரர்கள் தோற்றுப்போவார்கள்.

"எந்த ஊர்?" — எங்கள் ஆட்கள் சந்தித்தால் முதல் கேள்வி இதுதான். சாதியை நேரே கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ஊரைக் கேட்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது விளங்குவதில்லை. விளங்காமலே இருக்கட்டும் என்று நான் நினைப்பதுண்டு.

குகனின் தாய் தகப்பன் ஊர் ஏற்கெனவே பாஸ். ஆனால் அண்ணைக்கு அது போதவில்லை. பெடியன் பிறந்து வளர்ந்தது ஒஹாயோவில் அல்லவா? அப்படியென்றால் அவனுக்கு ஊர் அதுதானே? அதை விசாரிக்க வேண்டாமா? தர்க்கம் என்னவோ சரிதான். கஷ்டம் என்னவென்றால், ஒஹாயோவில் அவருக்குத் தெரிந்த ஒரு குருவிகூட இல்லை.

ஆகவே இன்டர்நெட்டைக் கேட்டிருக்கிறார்.

நான் அண்ணைக்கே போன் எடுத்தேன். அவர் காத்துக்கொண்டிருந்ததுபோல எடுத்தார்.

"தங்கச்சி, பேர் எடுத்த ஆக்கள், பேர் கெட்ட ஆக்கள் எண்டு எல்லாரையும் ஒண்டாப் போட்டிருக்கிறாங்கள். மேல பாக்க நல்லாத்தான் இருந்தது. ஜனாதிபதிமார் இருக்கினம். விண்வெளிக்குப் போன ஆக்கள் இருக்கினம். பாட்டுக்காரர், விளையாட்டுக்காரர்... எனக்குச் சந்தோசம். பரவாயில்லை, நல்ல இடம் எண்டு நினைச்சன்."

"பிறகென்ன அண்ணை?"

"பிறகு கீழ இறங்கினன்." குரல் தாழ்ந்தது. "இறங்கியிருக்கக்கூடாது."

கீழே கொலைகாரர்கள். ஒருவர் இருவரல்ல. அதிலும் சிலர் வருடக்கணக்கில் ஆட்களைக் கொன்றுவிட்டு, அதே தெருவில் புல் வெட்டிக்கொண்டு, தேவாலயத்துக்குப் போய்க்கொண்டு இருந்தவர்கள். அண்ணை வாசித்துக்கொண்டே போனார். நம்ப முடியாமல் நானும் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அண்ணை சொன்னதில் ஒன்றும் கூடுதல் இல்லை. குறைத்துத்தான் சொல்லியிருந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகும்போது வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று பாதிப் படியில் நின்று திரும்பி வந்து பார்த்தேன் — எங்கேயோ இருக்கிற ஒஹாயோவை நினைத்து.

ஆனால் அண்ணையை உலுக்கியது கொலைகள் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை.

"அந்தக் கொலைகாரரைப் பற்றி அயலட்டைச் சனம் என்ன சொல்லுது தெரியுமே? எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லுதுகள். 'அமைதியான ஆள், தானுண்டு தன்ர பாடுண்டு.' எங்கட மாப்பிள்ளையைப் பற்றி ரொறொன்ரோவில விசாரிக்கேக்க எனக்கு என்ன சொன்னவை?"

எனக்குத் தெரியும். மலர் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அமைதியான பெடியன். தன்ர பாடு.

"அதிலயும் வெட்டுற தொழில்" என்றார் அண்ணை. "நான் சனிக்கிழமை வரமாட்டன்."

சிரிப்பதா அழுவதா? அண்ணை வராவிட்டால் மலர் நாள் வைக்கமாட்டாள். வியாழக்கிழமை பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். தாயும் மகளும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

"அன்ரி, நீங்களே சொல்லுங்கோ" என்றாள் தர்ஷா. "என்னை ஆரும் 'எங்கயிருந்து வாறீர்?' எண்டு கேட்டா அம்மாவுக்குக் கோபம் வரும். 'இஞ்ச பிறந்த பிள்ளையிட்டை இதென்ன கேள்வி' எண்டு ரீச்சரோட சண்டை பிடிச்சவ. இப்ப குகனை என்ன செய்யினம்?"

மலர் சுவரைப் பார்த்தாள். "அண்ணை இல்லாமல் எனக்கு ஏலாது பிள்ளை."

"அப்ப நாங்கள் ஸ்ராண்டஸ்அம்ற்றில தெர்மின் எடுத்துக் கையெழுத்து வைக்கிறம். பிறகு நான் ஒஹாயோவுக்குப் போறன். நீங்கள் மாமாவோட இருங்கோ."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. பதிவுத் திருமணம் செய்துவிட்டு அவள் போய்விடுவாள் என்று மலருக்கும் தெரியும். கணவரும் இல்லாத வீட்டில் பிறகு யார்? மலர் குசினிக்குள் போய், கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பக் கழுவினாள்.

சனிக்கிழமை மத்தியானம் பெடியன் வீட்டார் வந்தார்கள். மலர் என்னையும் கூப்பிட்டிருந்தாள். சபையில் ஒரு பெரிய மனுசியாவது இருக்க வேண்டுமாம். குகனின் தகப்பன் மெலிந்த மனிதர். எல்லாவற்றுக்கும் மனைவியின் முகத்தைப் பார்ப்பவர். தாய் பவானி அப்படியில்லை. வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தன் வீடு மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். குகன் நல்ல உயரம். வணக்கம் சொன்னான். ஓரமாக இருந்தான். பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அமைதி... எனக்கே கொஞ்சம் திக்கென்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடையும் றோல்ஸும் வந்தன. சுவாத்தியம், குளிர், மழை பேசினோம். விமானம் பிந்தியதைப் பேசினோம். நாள் வைக்கிற பேச்சை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. மலர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல் அடித்தது.

நடேசண்ணை. வரமாட்டேன் என்றவர், நேரே கேட்டுவிடலாமென்று வந்திருக்கிறார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, பவானியைப் பார்த்து நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி குறை நினைக்கப்படாது. எனக்கு ஒளிச்சுக் கதைக்கத் தெரியாது. உங்கட ஒஹாயோவைப் பற்றி வாசிச்சனான். அங்க கொலைகாரர் கனபேராமே?"

குகனின் தகப்பன் கையில் இருந்த வடை பாதி வழியில் நின்றது. மலர் கண்ணை மூடிக்கொண்டாள். தர்ஷா எழும்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி ஒரு கேள்வியைச் சம்பந்தி வீட்டாரிடம் கேட்கிற மனிதரை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

பவானி மட்டும் அசையவில்லை. விரலைத் துடைத்தாள்.

"ஓம் அண்ணை. இருக்கினம். நாங்களும் வெளிக்கிட முதல் ஜேர்மனியை இன்டர்நெட்டில தட்டிப் பாத்தனாங்கள்."

ஒரு விநாடி ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"ஆற்ற பேர் முதல் வருமெண்டு நான் சொல்லத் தேவையில்லை" என்றாள். "இவற்ற தங்கச்சி கனடாவிலயிருந்து போன் எடுத்து, 'போயும் போயும் அந்த நாட்டிலயோ பொம்பிளை எடுக்கிறியள்' எண்டு கேட்டவ."

நடேசண்ணையின் முகம் சிவந்தது. "அவன் இஞ்ச பிறந்தவன் இல்லை" என்றார் அவசரமாக. "ஒஸ்ட்ரியாவில பிறந்தவன்."

"ஆனால் அண்ணை, பேர் ஜேர்மனிக்குத்தானே?"

"அதெப்பிடி? அந்த ஒருத்தனை வைச்சு எங்கட ஜேர்மனியை நீங்கள் அப்பிடிச் சொல்ல ஏலாது."

எங்கட ஜேர்மனி.

எத்தனையோ வருடமாக எனக்கு அண்ணையைத் தெரியும். "இவங்கட நாடு, இவங்கட சட்டம், இவங்கட குளிர்" — இப்படித்தான் பேசுவார். இங்கத்தைய பாஸ்போர்ட் எடுத்தபோதுகூட "இவங்கட பாஸ்போர்ட்" என்றுதான் சொன்னார். அந்த வாயிலிருந்தா? நானும் மலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒஹாயோக் கொலைகாரர்களே தேவலாம் போல இருந்தது. இது அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

அண்ணை அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு உண்மையாகவே நொந்துவிட்டது.

"நான் வந்து இறங்கேக்க இந்த மொழியில ஒரு சொல்லுத் தெரியாது. எங்களை விட்ட அகதி ஹைமுக்குப் பக்கத்து வீட்டில ஒரு மனிசி தனிய இருந்தவ. புருசன் செத்துப்போனார். அந்தாள்ற குளிர்க் கோட்டைக் கொண்டுவந்து, தானே எனக்குப் பொத்தான் பூட்டிவிட்டவ. முழங்காலுக்குக் கீழ வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் முதல் வேலைக்குப் போனனான். எனக்கு ஜேர்மனி எண்டா அவதான். மற்றவன் இல்லை."

கடைசிச் சொற்கள் கொஞ்சம் நடுங்கின. நான் பிடித்திருந்த தர்ஷாவின் கையை மெல்ல விட்டேன்.

"நான் உங்களோட சண்டைக்கு வரேல்லை அண்ணை" என்றாள் பவானி. இப்போது அவள் குரலும் இறங்கியிருந்தது. "எங்கட ஒஹாயோவும் எங்களுக்கு அப்பிடித்தான்."

அண்ணை அவளைப் பார்த்தார். கோட்டைக் கழற்றினார். தர்ஷா அதை வாங்கிக் கொண்டுபோய்க் கொழுவினாள். அவர் உட்கார்ந்து ஒரு வடையை எடுத்தார், ஆனால் சாப்பிடவில்லை. விசாரணைக்காரர் அல்லவா? ஒரு கேள்வி இன்னும் மிச்சம் இருந்தது.

"தம்பி, நீர் ஏன் ஒண்டும் கதைக்கிறீர் இல்லை?"

குகன் தாயைப் பார்த்தான், தர்ஷாவைப் பார்த்தான். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் தொண்டையைச் செருமினான்.

"மாமா... எனக்குத் தமிழ் விளங்கும். கதைக்க... கஷ்டம். பிழையாச் சொன்னா எல்லாரும் சிரிப்பினம். ரொறொன்ரோவில... சிரிச்சவை. அதாலை... பேசாம இருக்கிறது."

இதுதான் அந்த அமைதி. இதுதான் அந்தத் தன்ர பாடு. நாங்கள் நான்கு நாளாக நடுங்கிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். பெடியன் பயந்திருக்கிறான் — எங்களுக்கு. நாங்கள் சிரித்துவிடுவோமென்று.

நியாயமான பயம்தான். சிரித்திருப்போம்.

நடேசண்ணை வடையைத் தட்டில் வைத்தார். எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் இந்த டொச் மொழியை இண்டைக்கும் பிழையாத்தான் கதைக்கிறன். கடைக்காரன் சிரிச்சிட்டுச் சாமானைத் தருவான். நீர் கதையும். நான் சிரிக்கமாட்டன்." பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். "மலர், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கலண்டரை எடு."

மலர் கலண்டரை எடுக்க அறைக்குள் போனாள். போனவள் கொஞ்ச நேரமாக வெளியே வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. அழுகிறவர்களை அழ விட வேண்டும்.

பெரிய மண்டபங்கள் ரொறொன்ரோவில் இருக்கின்றன, அங்கேயே வைக்கலாமே என்றார் குகனின் தகப்பன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான். நடேசண்ணை கையை உயர்த்தி மறித்தார். எங்கட நாட்டில, ஹம்முக்குப் பக்கத்தில, ஊன்ட்றொப்பில, அம்மன் கோயிலில்தான் தாலி கட்டுவது என்றார். பவானி கணவரைப் பார்த்தாள். அவர் வடையைச் சாப்பிடத் தொடங்கினார்.

இரண்டு நாளாக அண்ணை எல்லோருக்கும் போன் எடுத்துக் கலியாணம் சொல்கிறார். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், தங்கமான பிள்ளை, அமைதியான பெடியன் என்கிறாராம். தர்ஷாவைக் கேட்டேன். குகனுக்கு இனி ஒவ்வொரு நாளும் போனில் தமிழ் சொல்லிக் கொடுக்கப்போகிறாளாம்.

ஆகவே அமைதி என்பதெல்லாம் கலியாணம் வரைக்கும்தான்.